மூன்று தொட்டிகளில் மண் மட்டும்

வளைகுடாவுக்குத் தோட்டவேலைக்கு வருகிறவன் முதலில் மறக்கவேண்டியது ஊர்ப் பஞ்சாங்கத்தை. அங்கே கோடை என்றால் செடிக்குச் சாவு, குளிர் என்றால் பிறப்பு. அக்டோபர் கடைசியில் வெயில் கொஞ்சம் இறங்கியதும் பெட்டூனியாவையும் செண்டுப்பூவையும் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து நடுவோம். ஏப்ரல் வரைக்கும் ஊரே கல்யாண வீடு மாதிரி இருக்கும். அந்தக் காலத்தில் போய் ஒரு செடி மஞ்சளடித்தால் அது பிழைக்காது. எங்கள் ஃபோர்மேன் பட்டாணி இனத்தவர், எங்களோடு பேசுவது இந்திதான். அவர் இதை ஒரே வரியில் முடித்துவிடுவார்: "டண்ட் மே ஜோ மரா, வோ மரா." குளிரில் செத்தது செத்ததுதான்.

அந்த வரியை நம்பித்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த நேரம்.

நான் பெரம்பலூர்ப் பக்கத்து ஆள். படிப்பு எட்டோடு சரி. கம்பெனி என்னை மூன்று வருஷம் நெடுஞ்சாலை நடுவில் புல்லுக்குத் தண்ணீர் காட்ட வைத்திருந்தது. அதற்கப்புறம் ஜெபல் அலியில் நாலு வில்லாக்களைக் கொடுத்தார்கள். வில்லா வேலை என்றால் மரநிழல் உண்டு, குழாய்த் தண்ணீர் உண்டு, நல்ல வீடாக அமைந்தால் பதினோரு மணிக்கு ஒரு ஜூஸும் உண்டு. ஆனால் வீட்டுக்காரர்களிடமிருந்து ஒரே ஒரு கம்ப்ளெய்ன்ட் போனாலும் மறுநாள் மறுபடியும் ரோட்டு நடுவில்தான். அதனால் கேம்பில் எங்களுக்கு ஒரு பழக்கம் ஊறியிருந்தது. யார் எதைச் சொன்னாலும் முதலில் ஓகே. புரிவதெல்லாம் அப்புறம், யாரையாவது கேட்டுக்கொள்ளலாம். என் ரூமில் ஒரு சிவகங்கைக்காரர் இருந்தார், பெயின்டர். புதுசாக வருகிறவனுக்கெல்லாம் அவர் முதல் நாளே உபதேசம் செய்வார்: "தெரியாதுன்னு சொன்னவனுக்கு ஏர்போர்ட் தெரியும்டா."

நாலு வில்லாவில் கடைசி வில்லாவின் மேடத்துக்கு ஐம்பது வயதிருக்கும். ஏதோ பனி கொட்டுகிற தேசம். சாருக்குத் துறைமுகத்தில் பெரிய வேலை, விடியுமுன் போய்விடுவார். அந்த வருஷம் மேடம் லீவு முடிந்து செப்டம்பரில் வந்தபோது பெட்டிக்குள் ஈரத் துணியில் சுற்றி ஐந்து கிழங்கு கொண்டுவந்தார். அவருடைய அம்மா வீட்டுத் தோட்டத்துச் செடியாம். பெயர் ஹோஸ்டா. இலை நம் சேப்பங்கிழங்கு இலையின் தங்கச்சி மாதிரி இருக்கும். கொஞ்சம் சின்னது, வரிவரியாக மடிப்பு, நீலம் கலந்த பச்சை, ஓரத்தில் வெள்ளைக் கரை. வெயில் குறையும்வரை வீட்டுக்குள் ஏசியில் வைத்திருந்துவிட்டு, அக்டோபரில் வடக்குச் சுவரோரம் நிழலில் ஐந்து மண்தொட்டிகளில் வைத்தார். வைத்தது அவரே. என்னைத் தொடவிடவில்லை.

அந்த மாதக் கடைசியில் அம்மாவுக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை என்று மேடம் கிளம்பினார். கிளம்பும் அன்று என்னை அந்தச் சுவரோரம் நிற்கவைத்துப் பத்து நிமிஷம் பேசினார். தொட்டியைக் காட்டினார், வானத்தைக் காட்டினார், கையைத் தரையோடு தாழ்த்திக் காட்டினார், விரலை எண்ணினார். நான் ஒவ்வொன்றுக்கும் "ஓகே மேடம்" போட்டேன். தண்ணீர் ஊற்றச் சொல்கிறார், வேறென்ன சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். கடைசியில் அவர் என் தோளைத் தட்டி, கண் கலங்க, "தேங்க் யூ" என்றார். அதற்கும் ஓகே மேடம்தான்.

நவம்பர் பாதியில் ஐந்தும் மஞ்சளடித்தது. தண்ணீரைக் கூட்டினேன், குறைத்தேன். நர்சரியிலிருந்து உரம் திருடிவந்து போட்டேன். இலையெல்லாம் வெந்த கீரை மாதிரி தொட்டி விளிம்பில் படுத்துவிட்டது. ஒரு வாரத்தில் மொட்டை மண். ஃபோர்மேன் வந்து பார்த்தார், தன் ஒரு வரியைச் சொன்னார், செத்த செடியை வில்லாவில் வைத்திருந்தால் கம்பெனிக்கு அசிங்கம் என்றார். நான் ஐந்து தொட்டியையும் கவிழ்த்துத் தட்டினேன். தொட்டி உருவத்திலேயே மண்கட்டி கழன்று வந்தது. இலைதழைகளோடு குப்பை மூட்டையில் போட்டுக் கட்டினேன். லாரி வந்து கம்பெனி நர்சரியின் எருமேட்டுக்கு அள்ளிப் போனது. ஐந்து தொட்டியிலும் சிவப்புப் பெட்டூனியா வைத்தேன். சார் ஒருநாள் பார்த்துவிட்டு, "நைஸ்" என்றுகூடச் சொன்னார்.

அதற்குப் பத்து நாள் கழித்து, நான் குழாய் மாற்றிக்கொண்டிருந்தபோது, வீட்டுவேலை செய்யும் அக்கா சமையலறை வாசலுக்கு வந்தார். மன்னார்ப் பக்கத்தவர். பதினைந்து வருஷமாக வீடுகளில் வேலை பார்த்து இங்கிலீஷில் கரைகண்டவர்.

"தம்பி, மேடத்தின்ட தாய் முடிஞ்சு போனாவாம். இப்பதான் போன் எடுத்தவ."

"அடப்பாவமே."

"வீட்டை விக்கப் போகினமாம். வாங்கிற ஆக்கள் தோட்டத்தை இடிச்சு கார் விட இடம் கட்டுவினமாம். அம்மாவின்ட கையால வைச்சதெண்டு இனி அந்த அஞ்சு செடிதானாம். உங்களிட்டக் கவனமாப் பாக்கச் சொல்லிச் சொன்னவ."

"அக்கா, அது செத்துப்போச்சுக்கா. குளிருலயே போச்சு."

"இல்லத் தம்பி, அது சாகாது. குளிருக்கு இலையெல்லாம் விழுந்திட்டு மண்ணுக்குள்ள நித்திரை கொள்ளுமாம். வசந்தம் வரேக்க எழும்புமாம். போகேக்க உங்களுக்கு வடிவா விளங்கப்படுத்தினதெண்டும், நீங்கள் எல்லாத்துக்கும் ஓம் எண்டு சொன்னதெண்டும் சொன்னவ." அக்கா சுவரோரம் எட்டிப் பார்த்தார். சிவப்புப் பூ தலையாட்டிக்கொண்டிருந்தது. "எங்க அதுகள்?"

நான் சொன்னேன். அக்கா வாயில் கைவைத்துக்கொண்டார். அப்புறம், "உடன சொல்லிப் போடுங்கோ" என்றார். இப்ப வேண்டாங்க்கா என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன். தாயைப் பறிகொடுத்து நாலு நாள் ஆகாத மனுஷியிடம் இதை எந்த வாயால் சொல்வது? பயமும் இருந்தது, மறைக்கவில்லை. ரோட்டு நடு வெயில் என் கண்முன் நின்றது. ஆனால் அதைவிட, தோளைத் தட்டிய அந்தக் கைதான் உறுத்தியது.

வெள்ளிக்கிழமை லீவு. நர்சரி வாட்ச்மேனிடம் கெஞ்சி எருமேட்டில் ஏறினேன். ஆள் உயரத்துக்குப் புல்லும் பேரீச்சை மட்டையும் குவிந்து, உள்ளே கைவிட்டால் சுடுகிறது. மம்பட்டி போட்டால் கிழங்கு வெட்டுப்படும் என்று கையாலேயே கிளறினேன். பகல் தொழுகை முடிந்து வாட்ச்மேன் திரும்பி வந்தபோதும் கிளறிக்கொண்டிருந்தேன். "க்யா, சோனா கோயா?" என்றார். தங்கம் தொலைத்தாயா என்று. ஆமாம் பாய் என்றேன். மேட்டின் ஓரமாக, வெளிக்காற்றுப் படுகிற இடத்தில், தொட்டி உருவம் கலையாமல் மூன்று மண்கட்டி கிடைத்தது. மற்ற இரண்டும் நடுச்சூட்டில் வெந்து கஞ்சியாகியிருந்தன. தொட்ட கையில் நாற்றம் மூன்று நாள் போகவில்லை.

கிடைத்த மூன்றையும் ஒரு வாளியில் வைத்துக் கேம்புக்குக் கொண்டுவந்தேன். மண்ணை உதிர்த்துப் பார்த்தால் விரல் தடிமனில் வேர்க்கட்டை. உயிர் இருக்கிறதா இல்லையா என்று சொல்லமுடியாத நிறம். ரூமில் எட்டுப்பேரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள்.

"இது என்னடா, காஞ்ச இஞ்சி மாதிரி இருக்கு?" என்றார் சிவகங்கைக்காரர். "ஒரு டீயப் போட்டுக் குடிச்சுட்டு விடு."

"அண்ணே, அது அந்தம்மாவோட அம்மா வச்சதுண்ணே."

அவர் பிறகு கிண்டல் பண்ணவில்லை. தன் பெயின்ட் வாளிகளில் மூன்றைக் கழுவி, அடியில் ஓட்டை போட்டு எடுத்துவந்தார்.

நான் யோசித்தேன். பனி தேசத்துச் செடி, குளிரில் தூங்கி எழுகிறது என்றால் அதற்குக் குளிர் வேண்டும். எங்கள் குளிர்காலம் அதற்கு என்ன காணும்? ஜனவரியில்கூட மத்தியானம் சட்டை நனைகிறது. கேம்பு பக்கத்தில் கீழக்கரை பாய் ஒருவர் காய்கறி மொத்தக் கடை வைத்திருந்தார். பின்னால் கோல்டு ரூம் உண்டு. வாளியோடு போய் நின்றேன்.

"என்னா மாப்புள, நான் வெங்காயம் விக்கிறவன். நீ மண்ணக் கொண்டாந்து ஐஸ்ல வைக்கச் சொல்றியே?"

"பாய், உங்க உருளைக்கிழங்கு ரூமுக்குள்ள இருக்கறவரைக்கும் சும்மா கிடக்குது. வெளிய எடுத்துப் போட்டா மூட்டையிலயே முளைக்குதுல்ல? அது மாதிரிதான் பாய் இதுவும்."

"அது சரி. முனிசிபாலிட்டிக்காரன் வந்து சாப்பாட்டுச் சாமானோட மண்ணப் பாத்தான்னா என் கடை என்னாவும்?"

நான் வாளியைக் கீழே வைக்கவில்லை. யாருடைய செடி என்று கேட்டார், சொன்னேன். பாய் தராசிலிருந்த வெங்காயத்தை மூட்டையில் கொட்டினார். அவர் இன்னொருவரிடம் கூலிக்கு நின்ற காலத்தில் உம்மா மவுத்தாகி, அம்மா முகம் பார்க்க ஊருக்குப் போக லீவு கிடைக்கவில்லை என்று பிற்பாடு அவரே சொன்னார். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. "காலி ஆப்பிள் பெட்டி எடுத்துக்க. பிளாஸ்டிக்ல நல்லாச் சுத்து. கடைசி மூலையில வை. ஹயாத்து, உசிரு இருந்தா முளைக்கும். இல்லன்னா நீயும் நானும் என்ன பண்ணுறது?" என்றார்.

பத்து வாரம். வெள்ளிதோறும் பாய் கடைக்குப் போய்ப் பெட்டியைத் தொட்டுப் பார்ப்பேன். சில்லென்று இருக்கும். அதற்குமேல் பார்க்க ஒன்றுமில்லை. அதற்குள் மேடம் இரண்டுமுறை போன் செய்தார். அக்கா என்னிடம் போனைக் கொடுக்கும்போது கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். "ஸ்லீப்பிங்?" என்று கேட்பார் மேடம். "ஸ்லீப்பிங் மேடம்" என்பேன். பொய் இல்லை. உண்மையும் இல்லை. போனை வைத்ததும் அக்கா சொல்வார், "நீங்கள் சொல்லேல்ல எண்டா நானும் சேர்ந்து களவெடுத்த மாதிரி, தம்பி."

பிப்ரவரிக் கடைசியில் பெட்டூனியாவைப் பிடுங்கிவிட்டு, மூன்றையும் பழைய தொட்டிகளிலேயே நட்டேன்; மிச்சம் இரண்டு தொட்டியைப் பின்பக்கம் கவிழ்த்து வைத்தேன். இந்தமுறை எதுவும் தப்பக்கூடாது. வெயில் ஏறப்போகிறது, கிழங்கு சுடக்கூடாது என்று நம் மஞ்சளுக்கு வைக்கிற மாதிரி நாலு விரல் ஆழத்தில் வைத்து மண்ணை அணைத்தேன். மேலே தேங்காய் நார் பரப்பினேன்.

"இங்க வசந்தம் எப்பக்கா வரும்?" என்று கேட்டேன்.

"அதைத்தான் தம்பி நானும் இவ்வளவு வருசமா யோசிக்கிறன்" என்றார்.

மார்ச் முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாம் வாரம் ஒன்றுமில்லை. காலையில் கம்பெனி பஸ் இறக்கிவிட்டதும் மற்ற வேலையெல்லாம் விட்டு நேரே வடக்குச் சுவருக்கு ஓடுவேன். முழங்கால் போட்டு, முகத்தை மண்ணோடு வைத்து, பக்கவாட்டில் பார்ப்பேன். மேலிருந்து பார்த்தால் தெரியாத வெடிப்பு பக்கவாட்டில் தெரியும் என்று ஒரு நப்பாசை. நார் ஒரு இழை தூக்கியிருந்தால் இன்னும் கிட்டே குனிவேன். எறும்பாக இருக்கும். விரலை விட்டுத் தோண்டிப் பார்த்துவிடலாம் என்று எத்தனையோ தடவை கை போயிருக்கிறது. முளையின் மூக்கு ஒடிந்துவிட்டால்? கையை மறு கையால் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவேன்.

சாயங்காலம் ரூமுக்குள் கால் வைத்ததும் எட்டு வாயும் ஒன்றாகக் கேட்கும், "வந்துருச்சா?" தஞ்சாவூர்க்காரன் ஒருவன் அரிசி கழுவின தண்ணியை ஊற்று என்றான். ஒருவர் சமயபுரத்துக்குக் காசு முடிஞ்சு வை என்றார். "கிழங்குக்கு மொட்டை போட முடியாதுடா, இவனுக்குத்தான் போடணும்" என்றார் சிவகங்கைக்காரர். சிரித்தோம். சிரித்து முடித்ததும் நான் விரல்விட்டு நாளை எண்ணுவேன்.

மேடம் வரும் நாள் தெரிந்துவிட்டது. இன்னும் ஒன்பது நாள். எனக்குப் புத்தி கெட்டது. ஊரில் உள்ள செடிக்கடையெல்லாம் ஏறி இறங்கினேன், ஹோஸ்டா இருக்கா ஹோஸ்டா இருக்கா என்று. மலையாளிக் கடைக்காரர் ஒருவர் சிரித்தார், "இந்தச் சூட்டிலா?" ஒரு கடையில் அதே சாயலில், ஓரம் வெள்ளையாக ஏதோ ஒரு செடி இருந்தது. மூன்று வாங்கிக்கொண்டு வில்லாவுக்கு வந்துவிட்டேன். அக்கா பார்த்தார்.

"என்ன தம்பி இது?"

"முளைச்சிருச்சுன்னு சொல்லிடலாங்க்கா. மேடத்துக்கு வித்தியாசம் தெரியாது."

"தெரியாதோ?" அக்கா குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. "தாயைத் தேடி வாறவளுக்கு வேற ஒருத்தியைக் கொண்டுவந்து இருத்திப் போட்டு, இதுதான் உன்ர தாய் எண்டு சொல்லுவியளோ? வெக்கமா இல்லையோ?"

அந்தச் செடிகளை அடுத்த வில்லா வாசலில் நட்டுவிட்டு வந்தேன். அழுகை வந்தது. ஆம்பளை அழக்கூடாது என்பார்கள். ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதால் யாருக்குத் தெரியப்போகிறது?

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்குக் கார் வந்தது. மேடம் பாதியாக இளைத்திருந்தார். பெட்டி இறங்குமுன்பே செருப்போடு புல்லில் நடந்து நேரே வடக்குச் சுவருக்கு வந்தார். மூன்று தொட்டி. மூன்றிலும் மண் மட்டும். விரலால் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணினார். மறுபடியும் எண்ணினார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

என் நாக்கு நுனிவரை ஓகே வந்து நின்றது.

"அக்கா," என்று கூப்பிட்டேன், "நான் சொல்லச் சொல்ல அப்படியே சொல்லுங்க. ஒண்ணையும் குறைக்காதீங்க."

பெட்டூனியா, குப்பை மூட்டை, எருமேடு, வெந்துபோன இரண்டு, கோல்டு ரூம், கடைசியில் கடையில் வாங்கிய அந்த மூன்று வரை சொன்னேன். அக்கா ஒவ்வொன்றாக இங்கிலீஷில் இறக்கினார். முடிந்ததும் மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். எவ்வளவு ஆழத்தில் நட்டாய்? நான் நாலு விரலைக் காட்டினேன்.

மேடம் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். அக்காவிடம் ஒரு டீஸ்பூன் கேட்டு வாங்கினார். நாரை விலக்கி, ஸ்பூனால் மண்ணைச் சுரண்டி எடுக்க ஆரம்பித்தார், சின்னக் குழந்தைக்குக் காது குடைகிற மாதிரி. ஒரு விரல். இரண்டு விரல். மூன்றாவது விரல் ஆழத்தில் ஸ்பூன் நின்றது.

ஊதா நிறத்தில், கிளி மூக்கு மாதிரி ஒரு முனை. மேலே வர முடியாமல் மண் கனத்தில் முட்டி முட்டிக் கொஞ்சம் வளைந்துபோயிருந்தது. இரண்டாம் தொட்டியில் அதே மாதிரி இரண்டு மூக்கு. மூன்றாம் தொட்டியில் ஸ்பூன் அடிவரை போனது. வெளியே வந்தபோது அந்த எருமேட்டு நாற்றம்.

மேடம் ஸ்பூனைப் புல்லில் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார், அக்கா தமிழில் சொல்லுமுன்பே எனக்குப் புரிந்தது. "அன்றைக்கு நான் சொன்னதில் உனக்கு ஏதாவது புரிந்ததா?"

"நோ மேடம்."

"ஒன்றுகூட?"

"நோ மேடம்."

தலையை ஆட்டினார். கோபப்பட்டு இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அக்காவிடம் மெதுவாக ஏதோ சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். அக்கா என்னைப் பார்க்காமல் சொன்னார், "இதுகளுக்கு இனித் தானே தண்ணி விடுறாவாம். நீங்கள் மற்றத் தோட்டத்தைப் பாருங்கோவாம். இதைத் தொட வேண்டாமாம்." ஸ்பூனைக் கையில் எடுத்துக்கொண்டு, "குறைக்கேல்லத் தம்பி. அவ்வளவுதான் சொன்னவ" என்றார்.

சாயங்காலம் ரூமில் கால் வைத்தேன். வழக்கமான கேள்வி. "ரெண்டு வந்துருச்சு" என்றேன். அடேயப்பா, என்ன கூச்சல்! சிவகங்கைக்காரர் சேமியா பாயசம் வைத்தார். கீழக்கரை பாய்க்குப் போன் போட்டுச் சொன்னோம். "அல்ஹம்துலில்லாஹ், ஆப்பிள் பெட்டி வாடகையக் கொண்டா மாப்புள" என்று சிரித்தார். நான் டம்ளரை வாங்கிக்கொண்டேன்.

"முளைச்சிருச்சுல்லடா, அப்புறம் என்ன மூஞ்சிய இப்படி வச்சிருக்க?" என்றார் சிவகங்கைக்காரர்.

"இனிப்பு தூக்கலா இருக்குண்ணே" என்றேன்.

கம்ப்ளெய்ன்ட் எதுவும் போகவில்லை. நான் தினமும் அந்த வில்லாவுக்குப் போனேன், புல் வெட்டினேன், வேலி கத்தரித்தேன். வடக்குச் சுவர்ப் பக்கம் மட்டும் போவதில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, முதல் இலை சுருள் பிரிந்து விரிந்தது. மேடம் அக்காவைக் கூப்பிட்டார், சாரைக் கூப்பிட்டார். மூவரும் குனிந்து நின்று பார்த்தார்கள். நான் புல் வெட்டும் மெஷினை நிறுத்தாமல் தள்ளிக்கொண்டே இருந்தேன். நிறுத்தினால் கூப்பிட்டுவிடுவாரோ என்று ஒரு பயம். நிறுத்தியும் கூப்பிடாமல் இருந்துவிட்டால் என்ற பயம் அதைவிடப் பெரிசு.